ஷாக்கை மாற்று, செல்வி

நாமக்கல்
தை 12

அன்பு மகள் செல்விக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. கொல்லை முருங்கை பூத்திருக்கிறது. எனக்குத்தான் மனசு அடங்கவில்லை.

பொங்கல் முடிந்து நீங்கள் கிளம்பும்போது தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கிய வண்டி, மூன்று தரம் எழும்பி எழும்பித்தான் அடங்கியது. முந்தின நாள் கழுவும்போதே பார்த்தேன்: இடது பின்சக்கரத்து ஷாக்கில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பிக் கிடந்தது. சொன்னதற்கு, "ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்குப்பா" என்றாய். லாரி மெக்கானிக் மகள் பேசுகிற பேச்சா அது?

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். பள்ளத்தில் அமுங்கி, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை விழுங்குவது ஷாக்தான். பட்டறையில் கழற்றிப் போட்ட பழைய ஷாக்கோடு மல்லுக்கு நிற்பாயே, ஞாபகம் இருக்கிறதா? மெல்ல அமுக்கினால் இறங்கும், வெடுக்கென்று அமுக்கினால் எதிர்த்து நிற்கும். உள்ளே இருக்கிற எண்ணெய், பிஸ்டனில் உள்ள பொடித் துளைகள் வழியாகப் பிதுங்கித்தான் போக வேண்டும். சக்கரத்தின் ஆட்டம் அங்கே சூடாக மாறிப் போய்விடும். எண்ணெய் ஒழுகினால் எதிர்க்க ஆளில்லை. லாரியிலாவது ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே கொஞ்சம் ஆட்டத்தை அடக்கும். உன் காரில் சுருள் ஸ்பிரிங். அதில் உரச என்ன இருக்கிறது?

குலுங்கல் போனால் போகட்டும். துள்ளுகிற சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடிக்காதம்மா. பிரேக் போட்டால் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். மழையில் வளைவு திரும்பும்போது பின்பக்கம் வீசும். பின்சீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள்.

வண்டியின் பின்மூலையில் கையை ஊன்றி அமுக்கி விட்டுப் பார். எழும்பி நின்றுவிட வேண்டும், திரும்பத் திரும்ப ஆடினால் ஷாக் போச்சு. ஆடாவிட்டாலும் எண்ணெய் ஒழுகுகிறதை வைத்துக்கொண்டு ஓட்டாதே. கசிகிறதை மட்டும் மாற்றினால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. பின்னால் இரண்டையும் சேர்த்து மாற்று, இல்லாவிட்டால் ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்று வண்டி நிதானம் இழக்கும். ரப்பர் புஷ்ஷையும் பார்க்கச் சொல். டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்.

பணம் வேண்டுமென்றால் தயங்காமல் கேள். மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். மாற்றும்வரை குழந்தையைப் பஸ்ஸிலேயே பள்ளிக்கூடம் கூட்டிப் போ. வேலை முடிந்த அன்றைக்கே ஒரு போன் போடு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா