ஓரிரவு ஜாகை

கப்பலில் எனக்குக் கிடைத்த அறையில் முதல் பத்து நிமிஷத்தில் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்லிவிட முடியும். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சட்டையைக் கொக்கியில் மாட்டினேன்; கொக்கி சுவரோடு திருகப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடியையும் ஒரு புத்தகத்தையும் மேஜைமேல் வைத்தேன். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்று பார்த்தேன். வீடாகிவிட்டது. இவ்வளவு சுலபமாகவா என்று ஒரு கூச்சம் வந்தது.

2011 ஜூலை. அந்த வருஷம் ஜனவரியில் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டிருந்தார்கள். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை கொழும்பு. துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயரை வைத்ததும் அதே வருஷம்தான். 1906-இல் அவர் ஆரம்பித்த சுதேசிக் கம்பெனியின் கப்பல்கள் ஓடியதும் இதே தடத்தில். நூற்றைந்து வருஷம் கழித்து வந்த இந்தக் கப்பலுக்கு ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ என்று பெயர். அதற்கும் ஒரு முன்ஜென்மம் உண்டு. 1982 முதல் 2004 வரை அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கும் கனடாவின் யார்மத்துக்கும் இடையே ஓடியது. வண்டிகளை ஏற்றிக்கொள்வதற்கென்றே கட்டிய கப்பல். கட்டிலும் அடுப்பும் வைத்த மோட்டார் வீடுகளோடு கோடைகாலத்தில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு இம்மாதிரிக் கப்பல்கள்தாம் பாலம். அவர்கள் வீட்டையே கொண்டுவந்து கப்பலில் நிறுத்தினார்கள். நான் ஒரு டம்ளரைக் கொண்டுவந்திருந்தேன்.

எதிர்க் கட்டிலுக்கு வந்தவர் புறக்கோட்டையில் சரக்கெடுத்துப் பழகிய ஓர் அண்ணாச்சி. பெட்டியை இறக்கியதும் தம் இடத்தைப் பார்க்காமல் என் மேஜையைப் பார்த்தார்.

“தம்பி, இது எல்லாம் ராத்திரி தலையிலதான் விழும். கச்சான் காத்து நேரம்லா.”

“கொஞ்ச நேரம் இருக்கட்டும் அண்ணாச்சி.”

அவர் சிரித்துவிட்டு, கொண்டுவந்த எதையுமே வெளியில் எடுக்காமல், பெட்டியைக் கட்டில் காலோடு துண்டால் கட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்த முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. என் தாத்தா, அம்மாவின் அப்பா, தோணியில் தண்டலாக இருந்தவர். வெங்காயமும் கருவாடும் ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய் விரித்துப் போனவர். தோணியில் குடியேறுவதைப்பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: “ஏலே, வீட்டுல சாமானை வைக்கணும். தோணியில சாமானைக் கட்டணும்.” முதலில் தண்ணீர்ப் பீப்பாய், பிறகு மணல் பரப்பிய அடுப்புப் பெட்டி, பிறகு விளக்கு. எல்லாவற்றுக்கும் கயிறு. கட்டி முடித்த பிறகுதான் உலை வைப்பார்களாம். கச்சான் மாதங்களில் தோணிகள் பழைய துறைமுகத்தில் அடைந்து கிடக்கும். நான் பெரிய இரும்புக் கப்பலில் அதே மாதத்தில் போய்க்கொண்டிருந்தேன்; கட்ட வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

மேல்தளத்துக்குப் போனேன். முயல் தீவின் கலங்கரை விளக்கம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கடலின் அடியில்தான் முத்துப் பார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. குளிப்பு நடந்த காலங்களில் கரையில் ஓலைக் குடிசைகளால் ஓர் ஊரே எழும்பும்; கடையும் கள்ளும் சண்டையும் கோர்ட்டும் உள்ள ஊர். 1905-இல் எதிர்க்கரையில் மரிச்சுக்கட்டியில் எழும்பியதில் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். சில வாரங்களில் குளிப்பு முடியும். ஊர் இராது, சிப்பி அழுகிய நாற்றம் மட்டும் இருக்கும். சிப்பியும் அப்படித்தான். குஞ்சாக மிதந்து வந்து, தன் உடம்பிலிருந்தே ஒரு நாரை விட்டுப் பாறையோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. வேண்டுமானால் அந்த நாரை விட்டுவிட்டு நகர்ந்துபோய் வேறிடத்தில் மறுபடியும் கட்டிக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா வந்தாள். ‘வந்தாள்’ என்பதைத் தவிர வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. அவள் இறந்து அப்போது இரண்டு வருஷம்.

1983 கலவரத்துக்குப் பின் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுவிட்டு இராமேசுவரம் வழியாகத் தூத்துக்குடி வந்தோம். எனக்கு ஒன்பது வயது. கையோடு வந்தது ஒரு பச்சைத் தகரப் பெட்டி. அதை அம்மா திறந்து அடுக்குக் குலைக்கவே இல்லை. மாசம் ஒருமுறை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், உள்ளே இருந்த இரண்டு சேலைகளையும் பீங்கான் தட்டையும் சில காகிதங்களையும் வெயிலில் காட்டுவாள். பிறகு அதே வரிசையில் வைத்து, மேலே கயிற்றைப் போட்டு, தாத்தாவின் முடிச்சைப் போடுவாள். சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டாள். அப்பாவின் படம்கூடப் பலகையில் சாய்ந்துதான் நின்றது. வாடகை வீடு என்பது காரணமல்ல. கடைசிப் பன்னிரண்டு வருஷம் இருந்தது சொந்த வீடு.

எனக்கு இது ஒரு வியாதியாகப் பட்டது. அகதி மனோபாவம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் அவளிடமே கத்தினேன். “இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்த மூட்டையைக் கட்டிவைப்பே? நாம இங்கே வந்தாச்சு. இதுதான் வீடு.” அவள் கோபப்படவில்லை. “அது அங்கனயே கெடக்கட்டும்யா. அது உன்னை என்ன செய்யுது?” என்றாள். அதற்குப் பிறகு நான் இருக்கும்போது பெட்டியை மாடிக்குக் கொண்டுபோனதில்லை. மூட்டு வலியோடு, நான் ஆபீஸ் போன பிறகு, தனியாகத் தூக்கிப் போயிருப்பாள்.

அறைக்குத் திரும்பியபோது கப்பல் திறந்த கடலுக்கு வந்திருந்தது. அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். பதினொரு மணி சுமாருக்கு மேஜை தன் வேலையைக் காட்டிற்று. முதலில் புத்தகம், பிறகு பாட்டில். கடைசியில் டம்ளர் விழுந்து இருட்டில் உருள ஆரம்பித்தது. இந்தச் சுவரில் ஒரு முறை, அந்தச் சுவரில் ஒரு முறை. எழுந்து எடுத்திருக்கலாம். எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா எங்கும் குடியேறவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவள் ஒரு தண்டலின் மகள். தரை அசையும் என்று தெரிந்தவள். தெரிந்தபின் எப்படிக் குடியிருக்க வேண்டுமோ அப்படி, இருபத்தாறு வருஷம், எங்களுக்குச் சோறு வடித்துக்கொண்டு குடியிருந்தாள். உலை வைத்தது கட்டி முடித்த பிறகு. ஆணி அடிக்கத் துடித்த நான்தான் தரையை நம்பியவன். எது சரி என்று இப்போதும் எனக்குத் தீர்மானமில்லை. நான் கத்தியது சரியில்லை என்பது மட்டும் தெரிகிறது.

“தம்பி, அந்த டம்ளரை எடுத்துத் தொலையுங்க” என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமல். எடுத்துச் சட்டைக்குள் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

காலையில் அவர் முடிச்சை ஒரு சுண்டில் அவிழ்த்துவிட்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனார். நான் கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கப்பல் அதே வருஷம் நவம்பரில் நின்றுபோயிற்று. தகரப் பெட்டி என் வீட்டுப் பரணில் இருக்கிறது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் அதே மாதிரி திரும்பப் போட எனக்குத் தெரியாது.