பின்பக்கத்திலிருந்து திறந்த புத்தகம்

கோட்டைக்குப்பத்திலிருந்து அண்ணன் மகள் போன மாதம் வாட்ஸப்பில் இரண்டு புத்தக அட்டைகளின் படத்தை அனுப்பியிருந்தாள். கீழே ஒரே வரி: “அத்த, ரெண்டுல எத வாங்கட்டும்?”

இரண்டுமே இணையப் பக்கத்தில் படங்களை அசைய வைக்கக் கற்றுத்தரும் புத்தகங்கள். அவள் படிப்பது வணிகவியல். நான் தமிழ் வாத்தியார். இந்தக் கேள்வி என்னிடம் ஏன் வருகிறது என்று வெளியாருக்குப் புரியாது. 2004இல் இதே கேள்வியோடு நான் ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறேன். கேட்பதற்கு எனக்கு ஓர் அத்தை இல்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். நெய்தல் திணை நடத்த வேண்டியிருந்தது. உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்று சொன்னதும், நெய்தல் பெண் என்றால் கரையில் நின்று காத்திருப்பவள் என்று மாணவிகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். என் அம்மா கரையில் நின்று காத்திருந்து நான் பார்த்ததில்லை. அவள் தண்ணீருக்குள் இருந்தாள்.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அதில் மீன்பிடிக்கும் இடங்களை ஊர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் அந்த உரிமை பரம்பரையாக வருகிறது. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பொதுவளத்தைக் காக்கும் நல்ல முறை என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் பங்கு தலைக்கட்டுக் கணக்கில் ஆணுக்குப் போவது. அப்பா போனபின் அம்மாவுக்கு மிஞ்சியது வலை இல்லாத வேலை. முட்டி போட்டுக் குனிந்து, கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து, சேற்றில் கைகளை ஊரவிட்டு, விரலில் இறால் தட்டியதும் பொத்திப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஓலைப் பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். ஏரியில் இருளர் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை இது. அம்மா அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

இதைத்தான் மாணவிகளுக்குக் காட்ட நினைத்தேன். புகைப்படம் போதாது. அந்த வேலை முழுக்க அசைவு. வீடியோ கேமரா என் சம்பளத்தில் வாங்கக்கூடிய பொருள் அல்ல. கல்லூரிக் கணினிகளில் ஃபிளாஷ் இருந்தது. மேக்ரோமீடியா நிறுவனம் 1996இல் வாங்கி வளர்த்த மென்பொருள். கோடுகளைக் கணக்காகச் சேமிப்பதால் கோப்பு சிறியதாக இருக்கும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த அந்தக் காலத்திலும் அதன் படங்கள் ஓடும். பதினைந்து விநாடி போதும் எனக்கு.

கணினிக்கூடத்தில் இருந்தவர் நல்லவர். “மேடம், அதெல்லாம் பசங்க பண்ற வேலை. என்ன வேணும்னு சொல்லுங்க, செஞ்சு தரச் சொல்றேன்” என்றார். சொல்லியிருக்கலாம். ஒரு படகும் ஒரு தென்னை மரமும் வந்திருக்கும். என்ன வேண்டும் என்று எனக்கே வரைந்து பார்த்தால்தான் தெரியும் என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை. புத்தகம் வாங்கிப் படித்துக்கொள்கிறேன் என்றேன்.

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பொன்னேரியில் ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கலாம். பக்கத்திலேயே பழைய புத்தகக் கடைகள். “ஃபிளாஷ் புக் இருக்கா?” என்றதும் கடைக்காரர் கேட்டார்: “யாருக்கும்மா, தம்பிக்கா?” எனக்குத்தான் என்றேன். அவர் ஒரு குவியலை இழுத்துப்போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. இரண்டு மணி நேரம் யாரும் என்னைக் கேட்கவில்லை.

குவியலில் மூன்று வகை இருந்தது. ஒன்று, தலையணை போன்றது, எல்லாவற்றையும் சொல்வது, ஆயிரம் பக்கத்துக்குக் குறையாதது. இரண்டாவது பாடநூல். முதல் பாடத்தில் பந்தை வரை, இரண்டாவதில் பந்தைக் குதிக்க விடு என்று வரிசையாகப் போகும். இடையில் ஒரு பாடத்தைத் தாண்டினால் அடுத்தது புரியாது. மூன்றாவது கையேடு. ஒரு வேலை, அதற்கான படிகள் எண் போட்டு, பக்கத்திலேயே திரையில் தெரிவதன் சிறு படம். எங்கிருந்து வேண்டுமானாலும் நுழையலாம்.

எதை எடுப்பது என்று திணறியபோது எனக்கு உதவியது தமிழ்த் துறையில் கற்ற ஒரு பழக்கம். எந்தப் பதிப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, சொல்லடைவு இருக்கிறதா என்று பார்ப்போம்.

இது சின்னப் பழக்கம் அல்ல. நிகண்டுகள் பாட்டாக இருந்தன. மனப்பாடம் செய்தவருக்கே பொருள் கிடைக்கும். மனப்பாடம் செய்விக்க ஆசிரியர் வேண்டும், திண்ணை வேண்டும். அந்தத் திண்ணையில் பெரும்பாலான பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்து சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும், யாருடைய அனுமதியும் இல்லாமல், தனக்கு வேண்டிய சொல்லைத் தேடிப் போகலாம் என்ற நிலை இப்படித்தான் உருவானது. பெண்கள் கையில் அது வந்து சேரப் பிறகும் வெகுகாலம் ஆனது, அது வேறு கதை. பாடநூல் தன் கேள்விகளை நம்மிடம் கேட்கும். நம் கேள்வியோடு நுழைய விடுவது பார்வைநூல்.

பஸ் டிக்கெட்டின் பின்னால் நான்கு கேள்விகள் எழுதினேன். கை எப்படி வளையும்? கலங்கிய தண்ணீர் எப்படித் தெளியும்? தமிழ் எழுத்து வருமா? தவறு செய்தால் எப்படித் தெரியும்? ஒவ்வொரு புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்து திறந்து இந்த நான்கையும் தேடினேன். அட்டையில் பதிப்பு எண்ணையும் பார்த்தேன். ஃபிளாஷ் 5, எம்.எக்ஸ்., எம்.எக்ஸ். 2004 எல்லாம் ஒரே குவியலில் கிடந்தன. கல்லூரியில் இருந்தது எம்.எக்ஸ். அடுத்த பதிப்பு வந்துவிட்டதால் எம்.எக்ஸ். புத்தகத்தின் விலை விழுந்திருந்தது. நம் கணினியில் இல்லாத பதிப்புக்கான புதிய புத்தகத்தைவிட, இருக்கும் பதிப்புக்கான பழைய புத்தகமே மேல். கேத்தரின் உல்ரிச் எழுதிய கையேட்டை எடுத்தேன். ஃபிளாஷின் பதிப்புகளுக்கு அடுத்தடுத்துக் கையேடு எழுதியவர். அட்டையில் பெண் பெயர் இருந்ததற்காக வாங்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

தமிழிலும் தேடினேன். சென்னையில் 1992இல் மென்பொருள் நிறுவனம் தொடங்கிய காம்கேர் கே. புவனேஸ்வரி போன்றவர்கள் கணினியைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்த காலம். என் மாணவிகளில் பலர் கணினிக்கு முன் உட்காரத் துணிந்ததே அத்தகைய நூல்களைப் படித்துத்தான். தமிழ்க் கணினி நூல் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டளைகளைத் தமிழில் விளக்கட்டும், ஆனால் திரையில் தெரியும் பெயரையும் அப்படியே தர வேண்டும். இல்லாவிட்டால் புத்தகத்தில் ஒரு பெயர், திரையில் ஒரு பெயர் என்று நடுவில் நிற்போம்.

மாலை ஐந்து மணிக்குமேல் கணினிக்கூடத்தில் உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் அம்மாவின் கையை வரைந்தேன். இருபதாவது கட்டத்தில் இன்னோர் இடத்தில் வைத்தேன். நடுவில் உள்ள கட்டங்களை மென்பொருளே நிரப்ப வேண்டும். அதற்கு ட்வீன் என்று பெயர். டைம்லைனில் அம்புக்குறி வரவேண்டிய இடத்தில் துண்டு துண்டாக ஒரு கோடு வந்தது. கை அசையவில்லை. மூன்று மாலை இப்படியே போயிற்று. எனக்கு மூளை போதாது என்று முடிவுகட்டிவிட்டேன். பிறகுதான் சொல்லடைவில் ட்வீன் என்ற சொல்லைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போனேன். அந்தத் துண்டுக் கோடு, ட்வீன் உடைந்திருக்கிறது என்று மென்பொருள் சொல்லும் சேதி. இடம் மாறும் அசைவுக்குப் படத்தை முதலில் சிம்பலாக மாற்ற வேண்டும். உருவம் மாறும் அசைவுக்கு அப்படி மாற்றாத வெறும் வடிவமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதுகூடத் தெரியாதா என்று அந்தப் பக்கம் என்னைக் கேட்கவில்லை. தவறு நடந்த இடத்தைக் காட்டியது, அதோடு நிறுத்திக்கொண்டது. என் வாழ்நாளில் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு.

தமிழ் எழுத்தும் படாத பாடு படுத்தியது. எந்த எழுத்துரு இல்லாத கணினியிலும் தலைப்பு தெரிய வேண்டுமானால் பிரேக் அபார்ட் என்ற கட்டளையை இரண்டு முறை கொடுக்க வேண்டும். முதல் முறை சொல் எழுத்துகளாகப் பிரியும், இரண்டாம் முறை எழுத்துகள் வெறும் வடிவங்களாகும். பிறகு பிழை திருத்த முடியாது. ஆகவே ‘பறி’யில் வல்லின றகரம் சரியா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

ட்வீன் என்ற சொல்லின் கதை பின்னால்தான் தெரிந்தது. கையால் வரைந்த காலத்தில் முக்கியக் கட்டங்களை ஒருவர் வரைவார், இடைக்கட்டங்களை உதவியாளர்கள் வரைவார்கள். இடைப்பட்டது என்ற அந்தச் சொல்லே ட்வீன் ஆனது. டிஸ்னி நிறுவனத்தில் மை பூசும், வண்ணம் தீட்டும் பிரிவு பெண்களால் நிறைந்திருந்தது. 1938இல் வேலை கேட்ட ஒரு பெண்ணுக்கு, படைப்பு வேலையைப் பெண்கள் செய்வதில்லை, இளைஞர்களே செய்கிறார்கள் என்று அங்கிருந்து பதில் போனது. 1942இல் வந்த பாம்பி படத்தில்தான் ரெட்டா ஸ்காட் என்ற பெண்ணின் பெயர் அசைவோவியராகத் திரையில் வந்தது. இத்தனைக்கும் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் கத்தரிக்கோலும் கறுப்புக் காகிதமும் கொண்டு 1926இலேயே ஒரு முழுநீளப் படத்தைச் செய்து முடித்திருந்தார். பசங்க பண்ற வேலை என்ற வாக்கியம் கணினிக்கூடத்தில் பிறந்ததல்ல.

பதினைந்து விநாடிப் படம் முடிந்ததும், மீன் விற்க வந்திருந்த அம்மாவைப் பொன்னேரியில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போனேன். கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

“இன்னாடி இது, கை காத்துல பறக்குது? தரையோட தரையா போவணும்.” இன்னொரு முறை போடச் சொன்னாள். “ரெண்டு கையும் ஒண்ணா போவாது. ஒண்ணு தடவும், ஒண்ணு அண கட்டி நிக்கும். ரெண்டும் போனா எறா ஓடிடும்.”

இருபத்தாறு வருடம் அவளைப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. எந்தப் புத்தகத்தின் சொல்லடைவிலும் அது இருக்காது. ஃபிளாஷ் எனக்குக் கையை அசைக்கக் கற்றுத்தந்தது. கை ஏன் அப்படி அசைகிறது என்பது அம்மாவிடம் இருந்தது. திருத்தினேன். வகுப்பில் போட்டபோது ஒரு மாணவி, “காத்திருக்கறவங்க இல்ல மேடம் இவங்க” என்றாள். நோட்டில் என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

அம்மா 2013இல் போய்ச் சேர்ந்தாள். ஃபிளாஷும் மெல்ல மெல்லப் போனது. ஐபோனில் அதற்கு இடம் இல்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010இல் கடிதம் எழுதினார். மேக்ரோமீடியாவை வாங்கியிருந்த அடோபி, 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது. அதன்பின் என் குறுந்தகடு ஒரு வெற்றுத் தட்டு. அதை ஊரில் டிரங்குப் பெட்டியில் போட்டு மறந்துவிட்டேன்.

அதை எடுத்தவள் அண்ணன் மகள். ரஃபிள் என்று ஓர் இலவச மென்பொருள் பழைய ஃபிளாஷ் படங்களை ஓட்டும் என்று கண்டுபிடித்து, ஆயாவின் கையை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். இப்போது எல்லோருடைய போனிலும் தெரியும்படி அவளே புதிதாகச் செய்ய வேண்டுமாம். அதற்காகத்தான் அந்த இரண்டு அட்டைகள்.

அவளுக்கு இப்படி எழுதினேன். இரண்டையும் இப்போது வாங்காதே. முதலில் நான்கு கேள்வி எழுது. பிறகு இரண்டின் சொல்லடைவையும் பார். எந்த ஆண்டில் வந்தது, எந்தப் பதிப்புக்கானது என்று பார். நீ செய்ய நினைப்பதற்கு இப்போது சி.எஸ்.எஸ். போதும். கீஃப்ரேம் என்ற சொல் அதிலும் அப்படியே இருக்கிறது, அதனால் அத்தை படித்தது முழுக்க வீண் இல்லை. எம்.டி.என். என்ற இணையக் கையேடு இலவசம், மென்பொருள் மாறும்போது அதுவும் மாறும். காசு கொடுப்பதென்றால் மென்பொருளையே பேசாத ஒரு புத்தகத்துக்குக் கொடு: ரிச்சர்ட் வில்லியம்ஸ் 2001இல் எழுதிய அசைவோவியக் கையேடு. உடம்பின் எடை எங்கே இருக்கிறது, அடி எடுத்து வைக்கும்போது எது முதலில் நகர்கிறது என்பதைச் சொல்வது. ஃபிளாஷ் போனபின்னும் அது பழசாகவில்லை. அப்புறம், இப்போதும் ஏரியில் இறங்கும் பெண்களிடம் போய்க் கேள். அவர்கள் நேரத்துக்குக் காசு கொடு. பெயர் போடலாமா என்று கேட்டுப் போடு. நான் அம்மாவின் பெயரைப் போட மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நோட்டுக் காகிதத்தின் படம் ஒன்று வந்தது. மூன்று கேள்விகள் சி.எஸ்.எஸ். பற்றியவை. எனக்குப் பதில் தெரியாது. நான்காவது இது: “ஆயாவோட ஒரு கை மட்டும் ஏன் நவுறாம நிக்குது? தப்பா வரஞ்சிட்டியா அத்த?”

இதற்கு எனக்குப் பதில் தெரியும். உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.