பாடி முதலில், கேபின் பிறகு

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஹூஸ்டன் வானொலியில் பாட்டுக்குப் பாட்டு ஒரே அழைப்புதான். 6,000 பவுண்டுக்கு மேல் எடைத்தகுதி உள்ள வண்டியை 31-ஆம் தேதிக்குள் வாங்கித் தொழிலில் இறக்குங்கள், வருமான வரியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பிக்கப் விற்பவர்கள் மூச்சு விடாமல் சொல்கிறார்கள். இந்த வாரமும் அதே கூவல். ஆனால் எடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், அதே சட்டத்தில் உள்ள இன்னொரு அளவைப் பற்றி வாய் திறப்பதில்லை. பின்னால் சாமான் ஏற்றும் பகுதியின் உள்நீளம் 6 அடியாவது இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இல்லையென்றால் அந்த வண்டி வரிக்கணக்கில் பெரிய சொகுசு வண்டிகளோடு ஒரே வரிசையில் போய் நிற்கும். அந்த விதியைப் படித்ததிலிருந்து, இங்கே சாலையை அடைத்துக்கொண்டு ஓடும் பிக்கப்புகளில் எது சரக்கு வண்டி, எது சரக்கு வண்டியின் முகத்தை மாட்டிக்கொண்ட கார் என்று பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே ட்ரக் என்றால் நம் ஊர் லாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா என்று வீட்டு வாசலில் நிற்கும் பெரிய பிக்கப்புக்குத்தான் அந்தப் பெயர். முன்னால் கேபின், பின்னால் திறந்த பாடி. பாடியை இவர்கள் பெட் என்கிறார்கள். கேபினில் மூன்று வகை உண்டு. ஒரே வரிசை இருக்கையும் இரண்டு கதவும் உள்ளது ரெகுலர் கேப். அதன் முதுகில் ஒடுக்கமான இருக்கை ஒன்றைச் சேர்த்தது நடுத்தரம், ஃபோர்டில் அதற்கு சூப்பர் கேப் என்று பெயர். நான்கு முழுக் கதவுகளோடு காரைப் போலவே இரண்டு வரிசை உள்ளது க்ரூ கேப். பாடியும் மூன்று அளவு: ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி. கேட்கும்போது விருப்பம்போல் எதோடும் எதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். அப்படிச் சேர்க்க விடமாட்டார்கள். எஃப்-150-இல் க்ரூ கேபினும் எட்டடி பாடியும் சேர்ந்த வண்டியே கிடையாது. சில்வராடோ 1500-இல் எட்டடி பாடி வேண்டுமென்றால் ஒற்றை வரிசைக் கேபினைத்தான் எடுக்க வேண்டும். 2019-இல் வந்த புதிய ராம் 1500-இல் எட்டடி பாடியும் இல்லை, ஒற்றை வரிசைக் கேபினும் இல்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கலை எஃப்-150-இன் அளவுகள் அப்பட்டமாகக் காட்டிவிடுகின்றன. 2021-இல் வந்த வடிவத்தில் சூப்பர் கேபினும் ஆறரை அடி பாடியும் சேர்ந்த வண்டியின் நீளம் 231.7 அங்குலம். க்ரூ கேபினும் ஐந்தரை அடி பாடியும் சேர்ந்த வண்டிக்கும் அதே 231.7 அங்குலம்தான். சக்கர இடைவெளியும் இரண்டுக்கும் 145.4 அங்குலம். அதாவது அடியில் இருக்கும் சேசிஸ் ஒரே நீளம், அதன் மேல் கேபினையும் பாடியையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் வித்தியாசம். பின் இருக்கையில் உட்காருகிறவரின் முழங்காலுக்குக் கிடைத்த ஓர் அடி, பாடியிலிருந்து வெட்டி எடுத்தது. ஒற்றைக் கேபினும் எட்டடி பாடியும் உள்ள வண்டி இந்த இரண்டையும் விடக் குட்டை, 227.7 அங்குலம். நீளமான பாடி என்றால் நீளமான வண்டி என்று இங்கே பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஓர் எண்ணே அந்த நம்பிக்கையைக் கவிழ்த்துவிடுகிறது.

வரிச் சட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், சொல்லத் தகுந்த சட்டம் அது. தொழிலுக்கு வாங்கும் பொருளின் விலையைப் பல ஆண்டுத் தேய்மானமாகப் பிரிக்காமல், வாங்கிய ஆண்டிலேயே மொத்தமாகக் கழிக்க வழி செய்வது பிரிவு 179. வண்டியின் பயன்பாட்டில் பாதிக்கு மேல் தொழிலுக்காக இருக்க வேண்டும், ஆண்டு முடிவதற்குள் வேலையில் இறங்கியும் இருக்க வேண்டும். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு என்று வைத்த சலுகை இது. வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்து தாங்கக்கூடிய எடை 6,000 பவுண்டைத் தாண்டினால் சாதாரணக் காருக்குள்ள வரம்பு பொருந்தாது என்ற ஓட்டை வழியே மருத்துவரும் வழக்கறிஞரும் மிகப்பெரிய சொகுசு வண்டிகளை வாங்கிக் கழித்துக்கொண்டார்கள். அதனால் 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு வேலி போட்டது. 14,000 பவுண்டு வரை உள்ள இத்தகைய வண்டிகளுக்கு இந்தப் பிரிவில் 25,000 டாலருக்கு மேல் கழிவு இல்லை என்றது. விலைவாசியோடு ஏறி 2025-இல் அது 31,300 டாலர் ஆனது. வேலிக்கு வெளியே விட்டவற்றில் ஒன்றுதான், கேபினுக்குள்ளிருந்து எட்ட முடியாதபடி 6 அடியாவது நீளமுள்ள சரக்குப் பகுதி கொண்ட வண்டி. எஃப்-150-இன் ஐந்தரை அடி பாடியின் உண்மையான நீளம் 67 அங்குலம், வேலிக்குள் மாட்டிக்கொள்ளும். ஆறரை அடி பாடி 78.9 அங்குலம், தப்பித்துவிடும். 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு, முதல் ஆண்டிலேயே கழிக்க விடும் கூடுதல் தேய்மானம் மறுபடி 100 விழுக்காடாகிவிட்டதே, இந்த வேலிக்கு இனி என்ன வேலை என்று கணக்கர்கள் கேட்பார்கள். பணத்தளவில் அது நியாயமான கேள்வி. எனக்கு முக்கியமாகப் படுவது பணம் அல்ல, சட்டம் எழுதியவர்கள் எதை வைத்து அளந்தார்கள் என்பது. சரக்கு வண்டியா இல்லையா என்று முடிவு செய்ய எஞ்சினின் பலத்தையோ சக்கரத்தின் உயரத்தையோ அவர்கள் பார்க்கவில்லை. பாடிக்குள் நாடாவைப் பிடித்து அளக்கச் சொன்னார்கள். அந்த அளவுகோல் சரியானது என்பதுதான் என் கட்சி.

ஏன் சரியானது என்பதற்கு ஒரு பிளைவுட் பலகை போதும். இந்த நாட்டில் மர வீடு கட்டும் தொழில் முழுவதும் 4 அடிக்கு 8 அடி என்ற அளவில்தான் நடக்கிறது. பிளைவுட்டும் அப்படித்தான் வருகிறது, சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகையும் அப்படித்தான். பிக்கப் பாடிக்குள் இரு பக்கச் சக்கர மேடுகளுக்கும் நடுவில் ஐம்பது அங்குலத்துக்குச் சற்று மேல் இடம் விட்டிருப்பதே 48 அங்குலப் பலகை தட்டையாகப் படுக்கட்டும் என்றுதான். அகலத்தை இத்தனை கவனமாக ஒதுக்கிய பிறகு நீளத்தில் கை வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 67 அங்குலப் பாடியில் 96 அங்குலப் பலகையை வைத்தால் 29 அங்குலம் வெளியே நிற்கும். பின்கதவை மூடினால் பலகை அதன் மேல் விளிம்பில் ஏறிச் சாய்ந்து நிற்கும், நெடுஞ்சாலை வேகத்தில் காற்று அடியில் புகுந்து தூக்கும். கதவைத் திறந்து போட்டால் இரண்டடி போல ஏந்தல் கிடைக்கும், ஆனாலும் நுனி வெளியேதான் இருக்கும். பலகை நழுவினால் தடுக்கக் கதவும் இல்லாததால் பட்டையை இறுக்கிக் கட்டித்தான் ஓட்ட வேண்டும். எந்தச் சனிக்கிழமையும் ஹோம் டிப்போ கடை வாசலில் இந்தப் பட்டை கட்டும் வேலையைப் பார்க்கலாம். 12 அடி மரச் சட்டம் ஏற்றினால் கணக்கு இன்னும் துலக்கமாகிவிடும். சரக்கு பாடியைத் தாண்டி 4 அடி நீண்டால் டெக்சாஸில் பகலில் ஓரடிக்கு ஓரடி சிவப்புக் கொடி கட்ட வேண்டும். எட்டடிப் பாடியில் அதே மரச் சட்டத்தின் நீட்சி 4 அடிக்குள் அடங்கிவிடும், கொடிக்கு வேலையே இல்லை.

நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாமக்கல்லுக்குச் சேசிஸாகப் போகும் லாரிக்கு என்ன பாரம், என்ன நீளம் என்று கேட்டுத்தான் பட்டறையில் பாடி கட்டுகிறார்கள். சென்னையில் ஒரு வண்டிக்கு மீன்பாடி வண்டி என்று பாடியை வைத்தே பேர் வைத்தோம். 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதைக் குட்டி யானை என்று கூப்பிட்டோம். அது 3.8 மீட்டர் வண்டி, பன்னிரண்டரை அடி. அதில் ஏழடிக்குக் குறையாத பாடி. பத்தொன்பதே கால் அடி நீளமுள்ள அமெரிக்க வண்டி ஐந்தரை அடியோடு நின்றுவிடுகிறது. இன்னும் விடியாத நேரத்தில் வாழைத்தார் அடுக்கிக்கொண்டு சந்தைக்குள் நுழையும் குட்டி யானையை, மண்டபத்து வாசலில் நாற்காலிக் கட்டை இறக்கிக்கொண்டு நிற்கும் குட்டி யானையை நினைத்தால், இத்தனை ஆண்டு இங்கே இருந்த பிறகும் நெஞ்சு நிமிர்கிறது. எஞ்சின் பலத்திலும் பாதுகாப்பிலும் இரண்டையும் ஒப்பிட வரவில்லை. ஆனால் மொத்த நீளத்தில் சரக்குக்கு எவ்வளவு பங்கு என்ற ஒரு கேள்வியில் நம் ஊர்க்காரர் செய்தது சரி.

குடும்பத்தை என்ன செய்வது என்பதுதான் முதலில் வரும் மறுப்பு. அதைத் தள்ளிவிட முடியாது. ஊரில்போல் பின்னால் ஏறி உட்காரச் சொல்ல வழியில்லை, டெக்சாஸில் 18 வயதுக்கு உட்பட்டவர்களைத் திறந்த பாடியில் ஏற்றிக்கொண்டு ஓட்டுவது பெரும்பாலும் குற்றம். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, நாலடி ஒன்பது அங்குல உயரத்தை எட்டும்வரை, குழந்தை இருக்கை கட்டாயம். அதைப் பொருத்தப் பின் வரிசை வேண்டும். கேபின் வளர்ந்த வரலாறும் இப்படித்தான். 1957-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த டிராவலெட்டில் இரண்டு வரிசை இருக்கை இருந்தது, 1973-இல் டாட்ஜ் கிளப் கேப் வந்தது, அடுத்த ஆண்டே ஃபோர்டு சூப்பர் கேப். 2001 மாடலில் எஃப்-150-க்கு நான்கு முழுக் கதவு வந்தபோது பிக்கப் முழுதாகக் குடும்ப வண்டி ஆகிவிட்டது. ஒரே வண்டியில் எல்லாம் நடக்க வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் குடும்பமும் எப்போதாவது ஒரு பலகையும்தான் தேவை என்றால் அதற்கு இங்கேயே நல்ல வண்டி இருக்கிறது. கிரைஸ்லர் பசிஃபிகா போன்ற மினி வேனில் இருக்கைகளைத் தரைக்குள் மடக்கிவிட்டால் 4-க்கு 8 பலகை உள்ளே தட்டையாகப் படுத்துக்கொள்ளும், பின்கதவையும் மூடிவிடலாம். இரண்டு மடங்கு ஆர்ப்பாட்டத்தோடு நிற்கும் ஐந்தரை அடி பிக்கப்பால் முடியாதது அது. ஆண்டுக்கு இரண்டு நாள் சரக்குக்கு மணிக்கணக்கில் வாடகை வண்டி கிடைக்கிறதே என்கிறார்கள். அந்த வாதம் எனக்குத்தான் துணை. சரக்கே ஏற்றாதவருக்குப் பிக்கப் எதற்கு?

வேலை ஆட்களைப் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. கூரை வேய்கிறவர், புல் வெட்டுகிறவர், வேலி போடுகிறவர் என்று நான்கைந்து பேர் ஒன்றாகக் கிளம்பும் தொழில்கள் உண்டு. அவர்களுக்கு க்ரூ கேப் ஆடம்பரம் அல்ல. மழை நாளில் கருவிகளைப் பூட்டி வைக்கவும் அந்தப் பின் வரிசைதான் உதவும். இவர்களுக்கு என் பதில், க்ரூ கேபினோடு ஆறரை அடி பாடியை எடுங்கள் என்பது. வண்டி 12 அங்குலம்தான் நீளும், 243.5 அங்குலம். பாடி சட்டத்தின் ஆறடியையும் தாண்டிவிடும். பின் இருக்கையும் வேண்டும், எட்டடியும் வேண்டும் என்பவருக்கு சான் அன்டோனியோவில் செய்யும் டண்ட்ராவின் டபுள் கேப் இருக்கிறது, 2022 வடிவத்தில் அதை 8.1 அடி பாடியோடு தருகிறார்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கே உரிய எண் அதில் இருக்கும். ஆளின் எடையும் சரக்குக் கணக்கில்தான் சேர்கிறது. சீட்டில் 1,500 என்று இருந்து, 170 பவுண்டு வீதம் ஐந்து பேர் ஏறினால் 850 போய்விடும், பாடிக்கு மிஞ்சுவது 650. பெரிய கேபினே கூடுதல் எடை என்பதால் அந்த 1,500-உம் ஏற்கெனவே கொஞ்சம் குறைந்து வந்த எண்தான். கேபின் பெருக்கும்போது பாடியின் நீளம் மட்டும் குறைவதில்லை, அது தாங்கும் பாரமும் குறைகிறது. டிரெய்லர் கட்டி இழுத்துக்கொள்கிறோம் என்பவருக்கும் இது பொருந்தும், டிரெய்லர் கொக்கியை அழுத்தும் எடையும் இதே எண்ணிலிருந்துதான் கழியும். பாடிக்குள் கொக்கி வைத்து மாட்டும் ஐந்தாம் சக்கர டிரெய்லர் என்றால், குட்டைப் பாடியில் வண்டி கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை கேபின் முதுகில் வந்து இடிக்கும். அதைத் தவிர்க்கத் தனியாக நகரும் கொக்கி வாங்க வேண்டும்.

கடைசியாகக் கராஜ். ஐந்தரை அடி பாடியை வாங்குகிறவர் பலருக்கு உள்ளூர இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இங்குள்ள புறநகர் வீடுகளில் கராஜின் ஆழம் பெரும்பாலும் 20 அடி, 240 அங்குலம். ஆறரை அடி பாடியோடு க்ரூ கேப் 243.5 அங்குலம் என்பதால் கதவு இறங்காது. ஐந்தரை அடி என்றால் 8 அங்குலம் மிச்சம் வைத்து உள்ளே அடங்கும். சரக்கு வண்டியின் பாடி எவ்வளவு நீளம் என்பதைச் சுமக்கப்போகும் பொருள் தீர்மானிக்காமல், இரவில் அது தூங்கும் அறை தீர்மானிக்கிறது. பிக்கப் மழையில் நனையப் பிறந்த வண்டி, வாசல் தளத்தில் நின்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. கராஜுக்குள்தான் நிறுத்துவேன் என்று பிடிவாதமாக இருப்பவருக்கும் இடம் இருக்கிறது. எட்டடிப் பாடியும் ஒற்றைக் கேபினும் உள்ள 227.7 அங்குல வண்டி அதே கராஜில் ஓரடி மிச்சம் வைத்து நிற்கும், பாடிக்குள் பிளைவுட் பலகை கிடக்க, பின்கதவு மூடியபடியே.