வாவியில் ஒரு மின்கலம்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்பதை அறியாதவர் ஈழத்தில் இலர். ஆனால் அப்பாட்டைத் தம் செவியாற் கேட்டவர் எத்தனை பேர்? அமிர்தகழியிற் பிறந்து, ஆடி அமாவாசை தோறும் மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்திற் குளித்து வளர்ந்த எமது மாணவர்களிடம் இதைக் கேட்டோம். நான்கைந்து கைகளே உயர்ந்தன. அக்கைகளும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுடையவை. கரையோரத்துக் கல்வீட்டுப் பிள்ளைகள் வாவியைப் பாலத்தின் மேலிருந்து பார்த்ததோடு சரி.

வெள்ளைக்காரர் இவ்விடயத்தில் எம்மை முந்திக்கொண்டனர். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியேறி இவ்வொலியைக் கேட்டு, ஈரவிரலால் மதுக்கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்துக்கு அதை ஒப்பிட்டார். 1859இல் வெளிவந்த அவரது நூலில் அது பதிவாகியுள்ளது. மாத்தளைக் கிளர்ச்சியின் வீரன் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது ஒரு மாதமே கடந்திருந்தது. அந்த ஆட்சியின் செயலாளருக்கு மீனிசை கேட்க மனம் இருந்திருக்கிறது! அது கிடக்க, அது மீனல்ல, ஊரியின் ஓசை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் எமது மீனவர்களே. அவர்களுடைய பெயர்கள் நூலில் இல்லை. பின்னர் 1960களில் லாங் என்னும் இயேசு சபைத் துறவியின் உதவியோடு இலங்கை வானொலி இவ்வொலியை ஒலிபரப்பியது. மீனா, ஊரியா என்ற வழக்கு இன்றும் நடக்கிறது; அதைத் தீர்ப்பது எமது நோக்கமன்று.

எமது நோக்கம் எளியது. நாற்பது பிள்ளைகளையும் அதைக் கேட்கச் செய்ய வேண்டும். பழைய முறை யாவரும் அறிந்தது: சவளின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு ஒட்டி வைத்தல். துடுப்பு ஒன்று, காதும் ஒன்று. நாற்பது பேருக்கு விடிந்துவிடும். ஆகவே நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கிகள் இரண்டு, காருக்குப் பூட்டும் ஸ்டீரியோ விரியலாக்கி ஒன்று, ஒலிபெருக்கிகள் இரண்டு எனத் திட்டமிட்டோம். ஆளுக்குக் கொஞ்சமாகச் சம்பளத்திற் பிடித்துச் சேர்த்த பணம்.

ஒன்று போதாதா, இரண்டு ஏன் என்று கேட்கலாம். இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டாலேயே நாம் திசையை அறிகிறோம். காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். நீரில் 1500 மீற்றர். வேகம் நான்கு மடங்குக்கு மேலாவதால், ஒலிவாங்கிகளையும் தலையின் அகலத்தைப்போல் நான்கைந்து மடங்கு தள்ளித் தொங்கவிட வேண்டும். படகின் இரு பக்கமும் அதற்கு வாய்ப்பாக இருந்தன.

படகு தந்தவர் எமது மாணவி ஒருத்தியின் தந்தை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் நிவாரணமாகக் கிடைத்த பைபர் படகு. அதன் எஞ்சினோ கடனில் வாங்கியது. வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பிள்ளையள் கேட்கட்டும் சேர்," என்றார்.

வயரிங் வேலையை நாமே செய்தோம். விஞ்ஞான ஆசிரியர் இருவர் இருக்கையில் வெளியாள் எதற்கு என்ற எண்ணம்! முதல் விரியலாக்கி அரை மணித்தியாலத்திற் கருகிற்று. இரு ஒலிபெருக்கிகளின் எதிர்வயர்களையும் ஒன்றாக முறுக்கிப் பற்றரியின் எதிர்முனையிற் சேர்த்திருந்தோம். இவ்வகை விரியலாக்கிகளில் ஒலிபெருக்கியின் இரு வயர்களும் உயிருள்ளவை. எதையும் எதிர்முனையோடு சேர்க்கலாகாது. இதை விளங்கிக்கொள்ள ஒரு விரியலாக்கியின் விலையைக் கொடுத்தோம். இரண்டாவது ஒழுங்காக வேலை செய்தது, ஆனால் கரையோர மின்கம்பிகளின் இரைச்சல் ஒலிவாங்கி வயர்களில் ஏறி, வண்டு குடைவதுபோல் "ம்ம்ம்" என்று ஓயாது முரன்றது.

வீட்டில் இரைச்சல் வந்தால் என்ன செய்வோம்? புவித்தொடுப்போம். படகுக்குப் புவி ஏது? நீர்தான் புவி என்று முடிவு செய்து, ஓர் அடிச் சதுரச் செப்புத் தகட்டைப் படகின் அடியில் நிரந்தரமாகப் பூட்டி, அதிலிருந்து வயர் இழுத்து விரியலாக்கியின் எதிர்முனையோடு சேர்த்தோம். இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. அதனாலேயே ஏமாந்தோம். வைகாசிப் பூரணையன்று கல்லடிப் பாலத்துக்கு அண்மையில் எஞ்சினை நிறுத்தி, நீர் அடங்கும்வரை காத்திருந்து கேட்டோம். பிள்ளைகள் மூச்சு விடவும் அஞ்சியிருந்தனர். அந்த இரவைப் பற்றி எழுதத் தொடங்கினால் இக்கட்டுரை வேறு வழியிற் போய்விடும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, அம்மனிதர் பாடசாலை வாசலில் நின்றார்.

"சேர், எஞ்சின்ட கால வந்து பாருங்க. உப்புத் தின்ட சுவர் மாதிரிக் கிடக்கு."

பார்த்தோம். நீருக்குள் அமிழும் அலுமினியக் காலில் மைப்பூச்சு கொப்புளித்து, அடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்து, விரல் நுனி புகுமளவுக்குக் குழிகள். காலைக் காக்கவென்று பூட்டியிருந்த நாகத்துண்டு இருந்த இடமே தெரியவில்லை. எஞ்சின் பழுதானால் வலை ஏறாது. வலை ஏறாத நாளில் கடன் தவணை மட்டும் ஏறும்.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் முச்சக்கர வண்டிகளுக்கு வயரிங் செய்யும் இளைஞன் ஒருவன். படகின் அடியைத் தடவிப் பார்த்தான். வயரை விரலாற் பின்தொடர்ந்தான். தகட்டிலிருந்து விரியலாக்கிக்கு, அங்கிருந்து பற்றரிக்கு, பற்றரியை எஞ்சின் மின்னேற்றுவதால் எஞ்சினின் உடலுக்கு, உடலிலிருந்து காலுக்கு. "மாமா, செம்பும் அலுமினியமும் ஒரே வயரில, ரெண்டும் உப்புத் தண்ணிக்குள்ள. இது பற்றரிதான்," என்றான். பிறகு எம்மைத் திரும்பிப் பார்த்தான். "தேசிக்காயில செம்பும் நாகமும் குத்தி, ஊசி ஆடக் காட்டினீங்களே சேர்?"

எம்மிடம் எட்டாம் வகுப்புவரை படித்தவனாம். எமக்கு அவனை நினைவில்லை.

மின்னிரசாயனத் தொடரை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். செம்புக்கு வெகு மேலே அலுமினியமும் நாகமும். சேர்த்தால் மேலுள்ளது கரையும். பிரித்தானியக் கடற்படை 1761இல் 'அலாம்' என்ற கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு போர்த்தி, ஈராண்டில் செம்பு தொட்ட இரும்பாணிகள் இற்றுப்போகக் கண்டது. 1824இல் ஹம்பிரி டேவி செம்பைக் காக்க நாகத்தையும் இரும்பையும் பலி கொடுக்கும் வழியைச் சொன்னார். செம்பு கரையாது நின்றது, அதனாலேயே அதில் சிப்பி படிந்து கப்பல் ஓட்டம் தளர்ந்தது. இத்தனையும் வகுப்பிற் கதையாகச் சொல்லியிருக்கிறோம்! மன்னர் கப்பலின் ஆணிக்காக இரங்கிய எமக்கு, அயலவரின் எஞ்சின் கண்ணிற் படவில்லை.

இளைஞன் தகட்டைக் கழற்றினான். விரியலாக்கிக்கு எஞ்சினோடு தொடர்பே இல்லாத தனிப் பற்றரி வைத்தான். கார் என்றால் இரும்புடலே எதிர்வயராகும், பைபர் மின்னைக் கடத்தாது. எனவே நேர், எதிர் இரண்டையும் ஒரே பருமனான, வெள்ளீயம் பூசிய செப்பு வயரில் இழுத்தான். நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் உருகியை வைத்தான். நாம் அதை விரியலாக்கியின் அருகே வைத்திருந்தோம். நடுவழியில் வயர் உரசித் தீப்பிடித்தால் அந்த உருகி வேடிக்கைதான் பார்த்திருக்கும். ஒலிவாங்கிகளுக்கு உறையிட்ட வயர் பூட்டி, அவ்வுறைகளை ஒரே இடத்திற் சேர்த்தான். இரைச்சல் அடங்கிற்று. கூலி கேட்டபோது ஒரு நாட் சம்பளத்தைச் சொன்னான். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

எஞ்சின் காலின் விலையை ஐந்து பேர் நான்கு மாதத் தவணையிற் கொடுத்து முடித்தோம். புதிய கால் வரும்வரை பதினொரு நாள் படகு கரையிற் கிடந்தது. அந்நாட்களுக்கான இழப்பைக் கணக்கிட்டுத் தருமாறு கேட்டோம். அவர் சொல்லவில்லை, இருமுறை கேட்டும் சொல்லவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த பூரணைக்கும் அவரே படகைக் கொண்டு வந்தார். பிள்ளைகள் ஒலிபெருக்கிகளைச் சூழ்ந்திருக்க, அவர் அணியத்திலிருந்து சவளை நீரில் இறக்கிக் காதை வைத்துக்கொண்டார். செப்புத் தகட்டை அவர் திருப்பித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.