தம்பியின் சிகரெட்டும் ஓம் விதியும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் இன்பாக்ஸில் எழுதியிருந்தான். 1991-ல் பத்தாம் வகுப்பு படித்தவன். பெயர் சொல்ல மாட்டேன், கூடப் படித்தவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள். "சார், மறுபடியும் லண்டன் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். வரும்போது எனக்கு ஒரு ஈ-சிகரெட் வாங்கிட்டு வர முடியுமா? முதல் தடவை வாங்குறவனுக்கு எது சரி, எப்ப பெரிசா மாத்திக்கணும்னு உங்க தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க சார். முப்பது வருஷமா விட முடியல."

வாங்கி வர முடியாது அப்பா. நம் நாட்டில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் முழுச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். செய்வது, விற்பது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். எழுபது வயதில் விமான நிலையச் சுங்கத்தில் தலைகுனிந்து நிற்க எனக்குத் தெம்பில்லை. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம்.

ஆனால் அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. போன வருடம் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈஸ்ட் ஹாமில் தம்பி வீட்டில் இருந்தபோது இந்த ஒரு கேள்வியோடுதான் நாங்கள் மல்லுக்கட்டினோம். அதை எழுதச் சொல்லித் தம்பியே அனுமதி கொடுத்துவிட்டான்.

அதற்கு முன் ஒரு ஒப்புதல். பள்ளிக்கு எதிரே டீக்கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நானும் சிகரெட் பிடித்தவன்தான். மதிய இடைவேளையில் அங்கே போய்விட்டு, மூன்றாவது பீரியடில் உங்களில் இரண்டு பேரை அதே குற்றத்துக்காகப் பிரம்பால் அடித்திருக்கிறேன். உங்களுக்கு அப்போதே தெரியும் என்பது எனக்கும் தெரியும். 1996-ல் விட்டேன். எனக்கு மருந்து நம்மூர்க் கடலைமிட்டாய்தான். ஒரே வருடத்தில் ஏழு கிலோ ஏறியது, பல் இரண்டு போனது.

தம்பிக்கு அது வாய்க்கவில்லை. எங்கள் அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். பீடிக்கும் நெருப்புக்கும் வீட்டில் பஞ்சமே இருந்ததில்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து தம்பி முதல் பீடியை எடுத்தபோது அவனுக்குப் பதினாறு. அப்பா இருமி இருமிப் போய்ச் சேர்ந்தது 1983-ல். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே அவன் ஒன்று பற்றவைத்தான். லண்டனில் அது நாளுக்கு இருபது சிகரெட் ஆகிவிட்டது. அங்கே ஒரு பாக்கெட் 16 பவுண்டுக்கு மேல். போன வருடம் பிப்ரவரியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்ஸியை நிறுத்தி ஒன்று பிடித்தான் என்று தம்பி சம்சாரம் போனில் அழுதாள். "அத்தான், நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பார்" என்றாள். அதனால்தான் போனேன்.

முதலில் நிக்கோட்டின் பட்டை ஒட்டிப் பார்த்தான், சூயிங்கமும் மென்று பார்த்தான். இரண்டு தடவையும் பத்து நாளைத் தாண்டவில்லை. அப்புறம் வேலையிடத்து நண்பர் ஒருவர் தன் பழைய ஈ-சிகரெட்டைக் கொடுத்தார். செங்கல் அளவு கனம், பெரிய பேட்டரி, விட்டால் அறை முழுக்க மேகம். அதில் ஊற்றியிருந்த திரவத்தில் நிக்கோட்டின் மில்லிக்கு வெறும் 3 மில்லிகிராம். இழுத்த உடனே தொண்டை அடைத்து இருமல். மேகம் வந்ததே தவிர ஆசை அடங்கவில்லை. நாலே நாளில் பழைய பாக்கெட். "இதெல்லாம் ஏமாத்து வேலை அண்ணே" என்று முடித்துவிட்டான்.

நான் அந்தச் செங்கல்லை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். இயற்பியல் வாத்தியார் கை சும்மா இருக்குமா? உள்ளே இருப்பது ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. நம் அகல்விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலப் பஞ்சு திரவத்தை உறிஞ்சுகிறது. நுண்புழை நுழைவு, ஒன்பதாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. எதுவும் எரிவதில்லை என்பதுதான் முக்கியம். எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. ஆனால் வெறும் நீராவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிக்கோட்டின் எல்லாம் சேர்ந்த நுண்துளிகள் அவை.

இனி ஓம் விதி. பேட்டரி 3.7 வோல்ட். சுருளின் மின்தடை 1.2 ஓம் என்றால் ஓடும் மின்னோட்டம் 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், திறன் சுமார் 11 வாட். அதே பேட்டரியில் 0.3 ஓம் சுருளைப் போட்டால் 12 ஆம்பியர், 45 வாட். நாலு மடங்கு சூடு, நாலு மடங்கு ஆவி. அந்த ஆவியை நேரே நுரையீரலுக்குள் இழுக்க வேண்டும், ஹூக்கா மாதிரி. சிகரெட் பிடிப்பவன் அப்படியா இழுக்கிறான்? முதலில் வாயில் வைத்து, அப்புறம்தான் உள்ளே இழுக்கிறான். நாற்பது வருடம் பழகிய இழுப்பை மாற்றச் சொன்னால் உடம்பு ஏற்குமா? நண்பர் கொடுத்தது கெட்ட சாமான் அல்ல. அது ஏற்கெனவே சிகரெட்டை விட்டவர் பொழுதுபோக்காக வைத்துக்கொள்கிற சாமான். பத்தாம் வகுப்புப் பையனிடம் எம்.எஸ்ஸி. புத்தகத்தைக் கொடுத்த கதை.

ஒரு சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வகைக்கு இங்கிலாந்தில் 2025 ஜூன் 1 முதல் தடை. பள்ளிப் பிள்ளைகள் கையில் அது புழங்கியதும் ஒரு காரணம். தம்பி மகளும் "பெரியப்பா, எங்க ஸ்கூல் டாய்லெட்ல மாம்பழ வாசனை அடிக்கும்" என்றாள். சிகரெட் பிடிக்காதவனுக்கு எது நல்ல ஈ-சிகரெட் என்று கேட்டால் பதில் ஒன்றுமில்லை என்பதுதான். அந்தப் பேச்சு அத்தோடு சரி.

கடையில் தாடி வைத்த ஒரு பையன் இருந்தான். எந்த வாசனை வேண்டும் என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது, "காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" தம்பி கூசிக்கொண்டு "அஞ்சு நிமிஷம்" என்றான். பையன் தலையை ஆட்டிவிட்டு, கட்டைவிரல் அளவில் ஒரு சின்னக் கருவியை எடுத்துவைத்தான். பட்டன் கிடையாது, திரை கிடையாது, இழுத்தால் வேலை செய்யும். 'பாட்' என்று ஒரு சின்னக் குப்பி, அதில் நாமே திரவம் ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி குப்பி 2 மில்லிக்கு மேல் கொள்ளக் கூடாது, திரவப் புட்டி 10 மில்லி, நிக்கோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பையன் கொடுத்தது அந்த உச்சவரம்பான 20. நிக்கோட்டின் உப்பு வகை, அளவு கூடினாலும் தொண்டையை அறுக்காது.

நான்தான் பதறினேன். "முதல் தடவையே இவ்வளவா? மூன்றிலிருந்து மெல்ல ஏற்றலாமே?" பையன் சிரித்தான். "அங்கிள், குறைவாகக் கொடுத்தால் மீதியை அவர் சிகரெட்டில் எடுத்துக்கொள்வார்." நான் தலைகீழாக யோசித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் சொன்னான். புதுக் குப்பியில் ஊற்றியதும் பத்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். பஞ்சு நனையும் முன் இழுத்தால் கருகும், அந்த நாற்றம் குப்பியை மாற்றும்வரை போகாது. தம்பிக்கு அந்தப் பத்து நிமிடம் தாங்கவில்லை. முதல் குப்பி காலி.

நாலாவது வாரம். அங்கே புகை நிறுத்த உதவும் அரசுச் சேவை உண்டு. அதில் ஆலோசகராக இருந்த அம்மாள் ஒருவர் தம்பியை ஒரு சின்ன மீட்டரில் ஊதச் சொல்வார். மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று அது காட்டும். முதல் நாள் 22 காட்டியது. பத்துக்குக் கீழே வந்தால் புகைக்கவில்லை என்று கணக்கு. சிகரெட்டைத் தொடாமல் ஓரிரு நாள் இருந்தாலே அது இறங்கிவிடும். தம்பி வீட்டில் எல்லாரிடமும் "விட்டாச்சு, சுத்தமா விட்டாச்சு" என்று சொல்லியிருந்தான். சம்சாரம் கோயிலில் அர்ச்சனைகூட வைத்துவிட்டாள். ஊதினான். 13.

யாரும் பேசவில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் "நோட்டு வீட்டுல இருக்கு சார்" என்று சொன்னவன் பையிலிருந்து நோட்டு கீழே விழுந்தால் எப்படி இருக்கும்? ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு அந்த முகம் வந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, கை பிரம்பைத் தேடியது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. "எப்போது பிடிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். கிடங்கில் இரவுப் பணி, மூன்று மணி வாக்கில் மூன்று சிகரெட். ஏன் அப்போது மட்டும்? "சார்ஜ் தீர்ந்துபோகுது."

அவ்வளவுதான் விஷயம். சின்னக் கருவி, சின்ன பேட்டரி. சாயங்காலம் இழுக்க ஆரம்பித்தால் நடுராத்திரிக்கு மேல் தாங்கவில்லை. அந்த வாரமே, இழுப்பும் நிக்கோட்டின் அளவும் மாறாமல், மூன்று மடங்கு பேட்டரி உள்ள ஒன்றாக மாற்றினோம். ஆகஸ்ட் 9 அவன் கடைசி சிகரெட். மாத இறுதியில் மீட்டர் 3 காட்டியது. சம்சாரம் அடுத்த அர்ச்சனை வைக்கவில்லை, இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்றாள். புத்திசாலி.

ஆக எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரே சோதனைதான். இந்தக் கருவியின் குறையால் சிகரெட்டுக்குத் திரும்புகிறாயா? சார்ஜ் தீர்கிறது, புதுக் குப்பி போட்டும் ஒழுகுகிறது, எவ்வளவு இழுத்தாலும் ஆசை அடங்கவில்லை என்றால் மாற்று. இல்லையென்றால் மாற்றாதே. அக்டோபரில் தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். வண்ணத்திரை, எத்தனை இழுப்பு என்று எண்ணிக் காட்டும், 60 வாட். "எப்படி அண்ணே இருக்கு?" "சார்ஜ் போதலையா?" "போதுது." "கருகுதா?" "இல்ல." "அப்புறம் எதுக்குடா?" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போன் மாற்றுவதுபோல மாற்ற ஆரம்பித்தால் அது மருந்து இல்லை, இன்னொரு ஆசை.

2019-ல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருடம் கழித்து, ஈ-சிகரெட் கொடுத்தவர்களில் 18 சதவீதம் சிகரெட்டை விட்டிருந்தார்கள். பட்டை, சூயிங்கம் வகை கொடுத்தவர்களில் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதோடு நிறுத்திவிட்டுக் கடைக்காரர்கள் கைதட்டுவார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு: ஈ-சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் ஈ-சிகரெட்டை விடவில்லை. பட்டை, சூயிங்கம் பக்கம் அது 9 சதவீதம்தான். முதலாளி மாறினான், வேலை மாறவில்லை. இப்படி இருபது முப்பது வருடம் இழுத்தால் உடம்பு என்ன ஆகும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடித்த ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநரின் அப்பாவும் நுரையீரல் புற்றுநோயில் போனவர் என்று படித்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

தம்பியின் இதய மருத்துவரும் "இது நல்லதில்லை, சிகரெட்டைவிட எவ்வளவோ மேல்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அதனால் கருவி அப்படியே இருக்கட்டும், திரவத்தை இறக்கு என்றேன். டிசம்பரில் 20-லிருந்து 10-க்கு வந்தான். முதல் வாரம் ஈடுகட்ட அடிக்கடி இழுத்து, மூன்று நாள் புட்டி இரண்டே நாளில் தீர்ந்தது. பிறகு அடங்கியது. போன ஞாயிறு ஒரு புட்டி படம் அனுப்பியிருந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 5 என்று இருந்தது.

இனி உனக்கு, 1991 மாணவனே. இங்கே உனக்கு அந்தக் கருவி கிடையாது. திருட்டுத்தனமாக விற்பதை வாங்காதே, அதில் என்ன ஊற்றியிருக்கிறான் என்று உனக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. தம்பி அதைச் சும்மா மென்று துப்பினான். நீ நாலு தடவை மென்று கன்னத்தில் ஒதுக்கி வை, மறுபடி மெல்லு. நீ தினம் கசக்கி எறியும் சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு எண் இருக்கும். கட்டணம் இல்லை, கூப்பிடு. காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று அவர்களிடம் உண்மையைச் சொல். என்னிடமும் சொல், பிரம்பு இப்போது என்னிடம் இல்லை.

லண்டனுக்கு மே மாதம்தான் போகிறேன். அதுவரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். வா. கடலைமிட்டாய் வாங்கி வைக்கிறேன்.