மணற்றரையும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையும்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஓரிரவு, கோல்ஃப் ஆட்டம் பற்றிய வெளிநாட்டுச் செய்தியொன்றைத் தமிழாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் 'லிங்ஸ்' என்றொரு சொல் இருந்தது. அகராதியைப் புரட்டாமலேயே 'தொடர்புகள்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வாரத்தின் பின், நுவரெலியாவில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய முதியவர் ஒருவரிடமிருந்து தபாலட்டை வந்தது. "தம்பி, அது தொடர்பு அல்ல. கடலுக்கும் வயலுக்கும் இடையில் கிடக்கும் மணற்றரை. கல்லடிக் கரைக்குப் போய்ப் பாரும், விளங்கும்."

போய்ப் பார்த்தேன். விளங்கியது.

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் இத்தகைய தரைகள் உழவுக்கு உதவாதவை. மழைநீர் மணலில் உடனே வடிந்துவிடும். உப்புக்காற்றில் குறும்புல்லே தழைக்கும். ஆடுகளும் முயல்களும் அதனை மேய்ந்து மட்டமாக்கின. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்களே பின்னர் மணற்குழிகளாயின என்பர். வடிவமைத்தவர் எவருமின்றி மைதானம் உருவாயிற்று. 1457இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், வில்வித்தைப் பயிற்சி கெடுகிறதென்று இவ்வாட்டத்தைத் தடைசெய்யுமளவுக்கு அது மக்களிடையே பரவியிருந்தது.

சென்ட் அன்ட்ரூஸ் நகரின் கதை இன்னும் சுவையானது. அங்குள்ள மணற்றரையில் விளையாடும் உரிமை ஊராருக்கு உண்டென 1552இல் பேராயர் ஹமில்டன் பட்டயம் எழுதிக் கொடுத்தார். 1797இல் கடனில் மூழ்கிய நகரசபை அந்நிலத்தை இழந்தது. அது முயல் வளர்ப்போர் கைக்குப் போயிற்று. வழக்குகள் நீண்டன. 1894இல் பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் நகரம் அதனை மீட்டுக்கொண்டது. இன்றும் அங்குள்ள பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் ஆட்டம் இல்லை, ஊரார் உலாவுகின்றனர்.

நமது கரையும் அவ்வாறானதே. கல்லடியிலிருந்து நாவலடி, முகத்துவாரம் வரை, ஒருபுறம் வாவியும் மறுபுறம் வங்கக்கடலுமாக ஒடுங்கிய மணற்றிட்டு. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து நிற்கும். மாலையில் சிறுவர்கள் பந்தடிப்பர். காலையில் கரைவலை இழுப்பர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியைத் துடைத்தெடுத்தது. எஞ்சியோர் பலர் வாவிக்கு அப்பால் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டனர். வீடு அங்கே, தொழில் இங்கே என்று அதிகாலையில் கடலுக்குத் திரும்பி வருவோரை நான் கண்டிருக்கிறேன்.

வெற்றுத்தரை என்பது பார்ப்பவர் கண்ணில் மட்டுமே. கரைவலை இழுக்க நீண்ட திறந்தவெளி வேண்டும். வலை காயப்போடவும் தோணி ஏற்றவும் இடம் வேண்டும். 2009இல் போர் ஓய்ந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்ததைப் பார்த்தவன் நான். வேலைவாய்ப்பு வந்ததை மறுக்கமாட்டேன். ஆயினும் கரையோரம் வேலி ஒன்றைக் காணும்போதெல்லாம் அந்த 1552ஆம் ஆண்டுப் பட்டயமே நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு எழுத்து இருந்தது. இழந்ததை மீட்க அதுவே துணையாயிற்று. நம் மீனவரிடம் இருப்பதோ தலைமுறை வழக்கம் மட்டுமே. அதனை எவரேனும் எழுதிவைக்க வேண்டாமா?

தபாலட்டை எழுதிய பெரியவர் இன்றில்லை. அவருக்கு நான் பதில் எழுதவில்லை. காலந்தாழ்ந்த பதிலாக இதனை இங்கு எழுதுகிறேன்.