ஆறாவதுக்குப் பிறகு ஐந்தாவது! - புதுச்சேரி பிரெஞ்சுப் பள்ளி வாசலில் ஒரு மதியம்

"என் பேரன் போன வருஷம் ஆறாவது படிச்சான். இப்போ அஞ்சாவது" என்றார் அந்தப் பாட்டி, ரொம்ப சாதாரணமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபெயிலானால்கூட அதே வகுப்பில்தானே உட்காரவைப்பார்கள், கீழே எப்படி இறக்குவார்கள்? என் முழியைப் பார்த்துப் பாட்டியே சிரித்துவிட்டார். "புதுசா வர்ற எல்லாரும் இப்படித்தான் முழிப்பாங்க கண்ணு. பிரான்ஸ் கணக்கு அப்படி!"

நாங்கள் நின்றிருந்தது புதுச்சேரி ஒயிட் டவுனில், விக்தோர் சிமோனெல் தெருவில் இருக்கும் பிரெஞ்சுப் பள்ளியின் வாசல். உள்ளூரில் 'லிசே' என்று கேட்டால் ஆட்டோ நேராக அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். 1826-ல் ஆளுநர் தெபாசின் தெ ரிஷ்மோன் காலத்தில் தொடங்கிய பள்ளி. அதாவது 2026-ல் 200 வயது!

நான் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். முழுக்க முழுக்கத் தமிழ்வழிதான். பத்திரிகைப் படிப்புக்குப் போன முதல் நாள், ஆங்கிலத்தில் பெயரும் ஊரும் சொல்லச் சொன்னபோது தொண்டை அடைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனவே, வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் இன்னொன்று என்று வளரும் குழந்தைகளைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். அந்தப் பொறாமைதான் என்னை இந்த வாசலுக்கு இழுத்துவந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, அந்தக் கணக்கு. பிரெஞ்சு முறையில் ஆரம்பப் பள்ளி முடித்து 11 வயதில் நுழைவது 'ஆறாவது'. அதன்பிறகு ஐந்து, நான்கு, மூன்று என இறங்கி, 'முதலாவது' முடித்தால் கடைசி வகுப்பு. அதன் பெயர் 'தெர்மினால்'. மதிப்பெண் 100-க்குக் கிடையாது, 20-க்குத்தான். 10 வாங்கினால் பாஸ், 16 தொட்டால் 'மிக நன்று'. கடைசியில் எழுதுவது 'பக்கலோரெயா', சுருக்கமாக 'பாக்'. நெப்போலியன் காலத்தில், 1808-ல் உருவான தேர்வு. அதில் தத்துவம் கட்டாயப் பாடம். நான்கு மணி நேரம் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டும். ஐந்து மார்க் கேள்வி, பத்து மார்க் கேள்வி என்று பழகிய எனக்கு இதைக் கேட்டதும் வியர்த்தது.

பாடங்கள் பிரெஞ்சில் நடக்கின்றன. தமிழையும் ஆங்கிலத்தையும் மொழிப்பாடமாகப் படிக்கிறார்கள். 'பாக்' தேர்வில் எழுதக்கூடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு.

பிரெஞ்சுக்காரர்கள் போய் இத்தனை வருடமாகியும் பள்ளி எப்படி அப்படியே இருக்கிறது? 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. 1956 மே 28-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. இந்தப் பள்ளி அதே கட்டடத்தில் பிரெஞ்சுக் கல்வி நிலையமாகத் தொடர வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள்.

அதில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வசித்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர். சும்மா இருந்தால் இந்தியர். பாட்டியின் மாமனார் எழுதிக் கொடுத்தவர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய 'சொல்தா'. மகன் இப்போது பாரிஸ் பக்கம். பேரன் இங்கே பாட்டி வீட்டில்.

மணி அடித்தது. கேட் திறந்ததும் சத்தம் முதலில் வந்தது, பிள்ளைகள் பிறகு. ஒருத்தி தோழியோடு பிரெஞ்சில் மல்லுக்கட்டிக்கொண்டே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும், மூச்சுக்கூட விடாமல், "பசிக்குதும்மா" என்று தமிழுக்குத் தாவினாள். பேரன் வந்து பையைப் பாட்டி கையில் திணித்தான். "என்ன குழம்பு?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. எந்த நாட்டுப் பாடத்திட்டமாக இருந்தால் என்ன!

திரும்பும்போது ஏறிய ஆட்டோவின் அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். பிறந்து வளர்ந்தது எல்லாம் பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். தினமும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை லிசேவில் விட்டு அழைத்துவருகிறார்.

"உங்க பசங்களையும் இங்கேயே சேர்க்கலையாண்ணா?"

"ஃபீஸ் யாரு கட்டுறதும்மா? அவங்க பிரெஞ்சு சிட்டிசன். வருமானம் கம்மின்னா பிரான்ஸ் அரசாங்கமே உதவித்தொகை கொடுக்குது. அவங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே தெரு, ஒண்ணா சுத்துனவங்க. அவர் எழுதிக் கொடுத்தாரு. எங்க தாத்தா, 'நாடே சுதந்திரமாயிடுச்சு, இனி எதுக்குடா அந்தக் காகிதம்'னு இருந்துட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. எதிரே வந்த பைக்குக்கு வழிவிட்டபடி, ஊர்க்கதை சொல்வதுபோல்தான் சொன்னார். அந்தத் தாத்தா செய்தது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால், ஆறு மாத அவகாசத்தில் எடுத்த ஒரு முடிவு, அறுபது வருடம் கழித்தும் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்று தீர்மானிக்கிறதே என்பது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உறுத்திக்கொண்டே வந்தது. அவர் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாளாம். கணக்கில் கெட்டிக்காரியாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு படி உயர்ந்தது.

விழுப்புரம் தாண்டும்போது அம்மாவுக்கு போன் போட்டு, ஆறாவதுக்கு அப்புறம் அஞ்சாவது கதையைச் சொன்னேன். "ஏன் கண்ணு, பையன் சரியாப் படிக்க மாட்டானா?" என்றார் அம்மா, நிஜமான கவலையோடு.

அதற்கு முன்னால், பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் காசு கொடுத்தபோது, ஆட்டோ அண்ணன் "ஆ துமேன்!" என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்று அர்த்தமாம். பின் சீட்டுப் பிள்ளைகள் தினமும் இறங்கும்போது சொல்லிச் சொல்லி அவருக்கும் ஒட்டிக்கொண்டதாம்.